வீட்டு ஆள்: பெண் ஒன்று

செப்டம்பர் 8

இந்த நோட்டு ரோஸ்லின் கொடுத்தது. முதல் பக்கத்தில் பெயரும் நிலமும் எழுதச் சொன்னாள். வைரக்கண்ணு, வயது 58. சொந்த நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். சம்பா, பொன்மணி நெல். நாற்று விட்டு நான்கு நாள் ஆகிறது.

ஒரு குவிண்டால் நெல் விளைய எவ்வளவு செலவாகிறது என்று கணக்கெடுக்க வந்திருக்கும் பெண் அவள். ஊருக்குப் பத்துக் குடும்பம் குலுக்கிப்போட்டு எடுத்தார்களாம். வாரத்துக்கு ஒரு நாள் வருவாள். அதற்குள் மறந்துபோகும் என்பதால் அன்றன்றைக்கு என்ன வேலை, யார் செய்தது, எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்க வேண்டும். கூலி ஆள் தனி, வீட்டு ஆள் தனி. எங்கள் வீட்டு ஆள்: ஆண் ஒன்று, பெண் ஒன்று. பெண் என்பது என் மனைவி இந்திராணி.

"அம்மா, இன்னிக்கு நீங்க எவ்வளவு நேரம் வேலை பாத்தீங்க?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"நான் என்னாத்த வேலை பாத்தேன். வூட்டுலதான் கெடந்தேன்."

காலையில் நாற்றங்காலுக்கு எரு சுமந்தவள் அவள்தான். நான் சொன்னேன். ரோஸ்லின் எழுதிக்கொண்டாள். "இதுக்கும் கூலி போடுவோம்மா. வெளியில ஒரு பொம்பள ஆளுக்கு என்ன கூலியோ அது."

"யாரு குடுப்பா?"

"யாரும் குடுக்கமாட்டாங்க. கணக்குல சேரும். எல்லா ஊர்க் கணக்கையும் பாத்துத்தான் டெல்லியில நெல்லுக்கு வெல வைப்பாங்க."

"அப்ப எங் கூலி டெல்லியில கெடக்குன்னு சொல்லு" என்றாள் இந்திராணி. "இது தெரியாம இத்தினி வருசம் இவருகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் சிரித்ததில் பேனா கீழே விழுந்தது.

செப்டம்பர் 29

நடவு. கூலிப் பெண்கள் பதினொரு பேர். பன்னிரண்டு பேருக்குச் சொல்லியிருந்தோம், ஒருத்தி வரவில்லை. இந்திராணி புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் மூன்று வரிசை போட்ட நேரத்தில் இவள் இரண்டு. முன்பெல்லாம் இவள்தான் முன்னால் போய் மற்றவர்களைக் கேலி செய்வாள். மதியத்துக்கு மேல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மார்பில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பித்தம் என்றாள். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன்.

வீட்டு ஆள், பெண்: காலை முதல் ஒரு மணி வரை.

அக்டோபர் 5

ரோஸ்லின் வந்தாள். நடவு ஆட்களுக்குச் சோறாக்கியது சேருமா என்று கேட்டேன். சேராது, அரிசி காய்கறி விலை சேரும் என்றாள்.

"தூக்கிட்டுப் போயி வரப்புல வச்சது?" என்றாள் இந்திராணி.

ரோஸ்லின் யோசித்தாள். "அதைச் சேக்கலாம்னு நினைக்கிறேன்."

"சட்டிய அடுப்புலேருந்து எறக்குற வரைக்கும் நான் சும்மா இருந்தேன். தலையில வச்ச பொறவுதான் வேலைக்காரி. எளுதிக்க."

அக்டோபர் 13

முதல் உரம் போட்டேன். நான் மட்டும். யூரியாவோடு வேண்டாத நுண்ணூட்டம் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்றான் கடைக்காரன். வாங்கினேன்.

இந்திராணிக்குக் கணுக்காலில் வீக்கம். சேற்றுப்புண் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவுகிறோம். புண் எதுவும் தெரியவில்லை.

அக்டோபர் 21

மகள் புவனா தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து வந்தாள். அங்கே பனியன் கம்பெனியில் தையல் வேலை. அம்மாவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"ஏம்பா, இதப் பாத்துக்கிட்டா இருக்கீங்க?"

நேற்றுப் பண்டிகை. இன்று டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நானும் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நிறைய நேரம் கேட்டார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் காய்ச்சலில் வந்ததாக இருக்கும், தஞ்சாவூரில் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை கொடுத்தார். சின்ன வெள்ளை மாத்திரை. தினமும் காலையில். விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். எல்லாம் இலவசம்.

அக்டோபர் 25

கால் வற்றிவிட்டது. வெள்ளிக் கொலுசைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். மாத்திரை போட்டதும் மதியம் வரை கொல்லைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். "வாய்க்கா மாரி ஓடுது. இத வயலுக்குத் திருப்பிவிட்டா மோட்டார் வேண்டாம்."

புவனா ஊருக்குப் போனாள்.

நவம்பர் 14

மூன்று நாள் மழை. வயல் குளமாகக் கிடக்கிறது. பயிர் நுனி மட்டும் தெரிகிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. நானும் பக்கத்து வயல்காரர்களும் இறங்கி அறுத்துத் தள்ளினோம்.

இன்று தஞ்சாவூர் போவதாக இருந்தது. போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் காசு வேண்டாம். நாள்தான் வேண்டும்.

நவம்பர் 22

தண்ணீர் வடிந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு மாவுக்கு மேல் பயிர் அழுகிவிட்டது. தழைத்த குத்துகளைப் பிரித்து அந்த இடத்தில் நட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை, எல்லோர் வயலிலும் அதே வேலை. இந்திராணி செய்தாள். இரண்டு நாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த இரண்டு நாளும் காலையில் மாத்திரை போட்டாயா என்று கேட்டதற்கு, வீட்டுக்கு வந்து சாயந்திரம் போட்டுக்கொள்கிறேன் என்றாள். காலையில் என்றுதானே சொன்னார்கள் என்றேன். "வயலு நடுவுல நான் எங்க போவேன்" என்றாள்.

டிசம்பர் 3

களை. அவள் பாதி, கூலி ஆள் பாதி.

டிசம்பர் 18

தஞ்சாவூர் போய் வந்தோம். விடியற்காலை பஸ், திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். எக்கோ எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தைத் திருப்பி எனக்கும் காட்டினார். ஒரு கதவு முழுசாகத் திறக்கவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு பலூன் வைத்து விரிக்கலாம், மார்பைக் கிழிக்க வேண்டாம், காப்பீட்டு அட்டையில் செய்துவிடலாம் என்றார். முன்பின் பத்து நாள் தங்க வேண்டும். இப்போதே படுக்கை தருகிறேன் என்றார்.

"அறுப்பு முடிஞ்சி வந்துர்றோம் சார்" என்றாள் இந்திராணி.

"எப்ப முடியும்?"

"தை கடசில."

"அறுக்கப் போறது நீங்களா?"

"மிசினு வரும் சார். ஆனா நெல்லு இருக்குல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தை கடைசி என்பது பிப்ரவரி பத்துத் தேதி வாக்கில் என்றேன். பிப்ரவரி 9 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் தள்ளாதீர்கள், மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவள் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் எல்லோர் பயிரும் ஒரே மாதிரி பால் பிடிக்கக் காத்திருக்கிறது. "எல்லாம் ஒண்ணா அறுப்புக்கு வரும். மிசினுக்கு அடிச்சிக்கப் போறோம்" என்றாள்.

ஜனவரி 15

பொங்கல். கதிர் நன்றாக முற்றுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கரும்பு தின்று வாசலெல்லாம் சக்கை.

ஜனவரி 21

அறுப்புக்கு முன் ஈரத்திலேயே உளுந்து தெளித்தேன். ரோஸ்லின் வந்தாள். உளுந்துக்குத் தனிக் கணக்காம்.

ஜனவரி 29

மிஷின் வந்தது. வயல் இன்னும் ஈரம் என்பதால் பெல்ட் வண்டிதான் இறங்கும், அதற்கு மணிக்கு வாடகை அதிகம். மூன்று மணி நேரத்தில் ஐந்து மாத வேலை முடிந்தது. நல்ல மகசூல் என்று ஓட்டுகிறவனே சொன்னான். விதைக்கு மூன்று மூட்டை வீட்டுக்கு எடுத்துவைத்தோம். மீதியை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினோம். எங்களுக்கு முன்னால் இருபத்தாறு குவியல்.

நிலையம் என்பது ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் ஒரு சிமெண்டுத் தளமும் ஒரு தகரக் கொட்டகையும். சுற்றிலும் அறுத்த வயல். செடி, புதர் கிடையாது.

பொழுது சாய இந்திராணி சாம்பலைக் கரைத்துக் குவியலைச் சுற்றிக் கோடாகத் தெளித்தாள். யாராவது கைவைத்து அள்ளினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எல்லாக் குவியலிலும் இப்படி ஒரு சாம்பல் கோடு உண்டு.

ஏற்பாடு இப்படி: இருட்டினால் நான் குவியலில் படுக்கிறேன். பகலில் அவள் காவல் இருந்து நெல்லைக் காயவைப்பாள். நான் வைக்கோல் கட்ட வேண்டும், மாடு இருக்கிறது, முளைத்த உளுந்தில் ஆடு வாய்வைக்காமல் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 1

ஈரப்பதம் பார்த்தார்கள். பத்தொன்பதரை. பதினேழுக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள். அதுவும் இப்போது இல்லை, சாக்கு இல்லை. பட்டியல் எழுதும் பையனைச் சுற்றி நின்று எல்லோரும் கேட்டோம்.

"சாக்கு வந்தாதாண்ணே எடை. இல்லன்னா எஞ்சட்டையக் கழட்டியா கட்டித் தர்றது?"

"கழட்டேன், ஒரு மரக்கா புடிக்கும்" என்றாள் அமிர்தவல்லி. எங்களுக்கு அடுத்த குவியல் அவளுடையது. புருஷன் இல்லை, மகன் சிங்கப்பூரில். பகலெல்லாம் அங்கே காவல் இருக்கும் பெண்கள் அவளும் இந்திராணியும்தான். மற்றவர்கள் எல்லாம் ஆண்கள்.

தளத்தில் நெல்லை விரித்தோம். காயப்போட்ட நெல்லைக் காலால் கிண்டிவிட வேண்டும். பாதத்தைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை போனால், அடி நெல் மேலே வந்து இரண்டு பக்கமும் வரப்பாக ஒதுங்கும். இந்திராணி போட்டால் கோடுகள் நூல் பிடித்தது போல இருக்கும். இந்த வருஷம் அவள் கோடு அகலமாக விழுகிறது, ஆம்பளைக் கால் போட்டது போல.

பிப்ரவரி 3

சாக்கு வரவில்லை.

மத்தியானம் சோறும் ஒரு தூக்கு மோரும் கொண்டுபோனேன். சோற்றைத் தின்றாள், மோர் வேண்டாம் என்றாள். தண்ணீர் பாட்டிலும் காலையில் கொடுத்தது கொடுத்தபடி இருந்தது. இந்த வெயிலில் இப்படி இருந்தால் என்ன ஆவது என்று திட்டினேன்.

"தாகம் இல்லைங்க."

கொலுசைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நெல்லில் விழுந்துவிடுமாம்.

பிப்ரவரி 4

பருவம் தப்பிய மழை. விடியும் நேரத்தில் பிடித்து முற்பகல் வரை. தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து மூடினோம். மேல் குவியல் தப்பியது. அடியில் தண்ணீர் ஓடி ஒரு சாண் நனைந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து காயவைக்க வேண்டும்.

பிப்ரவரி 6

சாக்கு வந்தது. ஒரு நாளைக்கு எட்டுக் குவியல் போகும் என்கிறார்கள்.

ரோஸ்லின் எங்களைத் தேடி நிலையத்துக்கே வந்தாள். இந்திராணி நெல்லில் நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கால் ஏன் இப்படி இருக்கு?"

"நெல்லுச் சொணை. அரிக்கிது." புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இஞ்ச உக்காந்திருக்குறதுக்கும் கூலி உண்டா, அத முதல்ல சொல்லு."

ரோஸ்லின் கையிலிருந்த படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். உழவு, நடவு, களை, உரம், அறுப்பு, வண்டி ஏற்றியது வரை இடம் இருக்கிறது. "காயவைக்கிறது, காவல் இருக்கிறது... எதுல போடுறதுன்னு தெரியலைம்மா. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"டெல்லியிலயே கேளு. அஞ்சதான எங் காசு கெடக்குது."

போகும்போது ரோஸ்லின் என்னிடம், அம்மா மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றேன். காலையில் வரும்போது சுருக்குப்பையில் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 8

நாளை ஆஸ்பத்திரித் தேதி. எங்களுக்கு முன்னால் இன்னும் ஆறு குவியல். நாளை எங்கள் முறை வரும் என்று எழுத்தர் சொல்கிறார். பட்டா என் பெயரில் இருப்பதால் கைரேகை மிஷினில் என் விரல்தான் வைக்க வேண்டும். முறை வரும்போது ஆள் இல்லையென்றால் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். தனியாகத் தஞ்சாவூர் போக இந்திராணிக்குத் தெரியாது.

மாலை புவனா போன் செய்தாள். "நாளைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா இல்லியா?"

நான் குவியல் கணக்கைச் சொன்னேன். இந்திராணி போனைப் பிடுங்கினாள். "நாளைக்கி எடை போட்டுருவாங்கடி. நாளான்னிக்கி போறோம். ஆஸ்பத்திரி என்ன, வடத்த அத்துக்கிட்டு ஓடவா போவுது?"

"நான் லீவு சொல்லிட்டு வரட்டா?"

"வேண்டாம். ரெண்டு நாள் சம்பளத்த ஏன் வுடுற?"

அமிர்தவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, நான் கூட்டிப் போறேன் தஞ்சாவூருக்கு. எங் குவியலக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள். அப்போது தூறல் போட்டது. நான் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தேன். தூறல் உடனே நின்றுவிட்டது. அந்தப் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

பிப்ரவரி 9

லாரி வரவில்லை. எடை போட்ட மூட்டையே கொட்டகை நிறைய இருக்கிறது. மேலே அடுக்க இடமில்லை. எங்கள் முறை வரவில்லை.

பிப்ரவரி 10

லாரி மாலையில்தான் வந்தது.

நான் மத்தியானம் போனபோது இந்திராணி மூட்டை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் இரண்டு நாளாக இப்படித்தானாம், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். தளத்தைப் பார்த்தேன். காலையில் அவள் கிண்டிய கோடுகள் பாதி தூரம் நேராகப் போய், பிறகு வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நாய் ஓடியிருக்குமோ என்று நினைத்தேன். பக்கத்தில் அமிர்தவல்லியின் நெல் கலையாமல் இருந்தது.

பொழுது சாய சாம்பல் கோடு தெளிக்கக் குனிய முடியவில்லை அவளுக்கு. நான் தெளித்தேன். எனக்கு அது சீராக வரவில்லை. "கோணையா இருந்தாத்தான் திருடனுக்குக் கொழப்பம்" என்றாள்.

பிப்ரவரி 11

பிற்பகல் மூன்று மணிக்கு முறை வந்தது. ஈரப்பதம் பதினாறரை. எழுத்தர் கையில் நெல்லை எடுத்து உருட்டிப் பார்த்து, "இந்தப் பத்து நாள்ல இவ்வளவு பதமாக் காஞ்ச நெல்லு இதுதாம்மா" என்றார். இந்திராணி சிரித்தாள். உதடு நீலமாக இருந்தது. விரல் வைத்தேன், ரசீது வந்தது. பணம் வங்கிக்கு வருமாம்.

கடைசி மூட்டை தைத்ததும் அவள் தளத்தைக் கூட்டி, சிதறிய நெல் ஒரு படி போல அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வண்டி பிடித்தேன். நாளைக்குப் போகலாம் என்றாள். இல்லை, இன்றே என்றேன்.

பிப்ரவரி 12

தஞ்சாவூர். உடனே படுக்கை கொடுத்துவிட்டார்கள். நுரையீரலெல்லாம் நீர் என்கிறார்கள். ஊசியில் நீரை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது இறங்கினால்தான் பலூன்.

நர்ஸ் இரண்டு தடவை கேட்டார், மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்று. போட்டாள் என்றேன்.

புவனா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 14

காலை ஐந்தே முக்காலுக்கு இந்திராணி இறந்துவிட்டாள்.

பிப்ரவரி 17

மாட்டுக்குத் தவிடு வாங்கினேன்.

மார்ச் 2

கருமாதி நேற்று முடிந்தது. சமையல்காரருக்கும் பந்தலுக்கும் நெல் பணத்தில் கொடுத்தேன். அது வங்கிக்கு வந்து பத்து நாளாகிறது.

புவனா அம்மாவின் புடவைகளை மடித்துவைத்துக்கொண்டிருந்தாள். சுருக்குப்பையை உதறியபோது பாக்கும், சில்லறையும், மூன்று மாத்திரை அட்டையும் விழுந்தன. ஒரு அட்டையில் மூன்று மாத்திரை பிரித்திருந்தது. மற்ற இரண்டும் முழுசாக இருந்தன.

"அப்பா, இது எப்ப வாங்குனது?"

பொங்கலுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு வாங்கியது. அந்த மூன்றைப் போட்டாள், மிஷின் வந்தது, நெல்லைக் கொட்டினோம். நான் அதைப் புவனாவிடம் சொல்லவில்லை. அவளே விரல் விட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு, "ஏம்ப்பா போடல?" என்று கேட்டாள்.

அமிர்தவல்லி துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பதில் சொன்னாள்.

"அதப் போட்டா கா மணிக்கு ஒரு தடவ போவணும்ல ஆத்தா. அஞ்ச எங்க போறது? சுத்தியும் ஆம்பளைங்க, அறுத்த வயலு, ஒரு மறைப்பு கெடையாது. நாங்க ரெண்டு பேரும் கருக்கல்ல ஒரு தடவ போனா, பொறவு பொழுது சாஞ்சிதான். அதுக்கே தண்ணி குடிக்காமக் கெடப்போம். வூட்டுக்குப் போயாவது போட்டுக்கடின்னு சொன்னேன். போட்டா ராத்திரிக்கித் தூக்கம் இல்ல, விடிஞ்சி நெல்லுல நிக்க முடியலன்னா. எடை போட்ட பொறவு ஒண்ணா எல்லாத்தையும் போட்டுக்கிடுறேன்னு சொல்லிச்சி. எனக்கு அந்த மாத்திரை என்னான்னு என்ன தெரியும்?"

புவனா என்னைப் பார்க்கவில்லை. அட்டைகளைத் திரும்பச் சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மத்தியானம்தான் காட்டியிருந்தேன்.

மார்ச் 4

புவனா ஊருக்குப் போனாள். பஸ் ஏறும்போது, "சாப்புடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 11

ரோஸ்லின் சம்பாக் கணக்கை முடிக்க வந்தாள். உள்ளே வராமல் செருப்போடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வந்து உட்கார்ந்தாள். இந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். தேதிகளில் வேலை விவரத்தை எடுத்துக்கொண்டாள். மற்றதையும் படித்தாள். நான் தடுக்கவில்லை.

ஒரு குவிண்டாலுக்கு எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கூட்டிக் காட்டினாள். "அய்யா, வீட்டு ஆள் கூலியச் சேக்காமப் பாத்தா உங்களுக்கு லாபம்தான். சேத்தா நட்டம்."

"என் கூலியச் சேத்தா?"

"உங்களோடத மட்டும் சேத்தா சரிக்குச் சரி. அம்மாவோடதும் சேத்தாத்தான்..."

முப்பத்து நான்கு வருஷம் நாங்கள் மிச்சம் என்று எடுத்துவைத்தது எது என்று எனக்குப் புரிந்தது.

"காவல் இருந்ததக் கேக்குறேன்னு சொன்னியேம்மா."

"கேட்டேன் அய்யா. நெல்லு நிலையத்துக்குப் போய் இறங்குற வரைக்கும்தான் சாகுபடியாம். அதுக்கப்புறம் எங்க படிவத்துல இடமில்லைன்னுட்டாங்க."

"சரி" என்றேன்.

"நான் தனியா ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கேன். பதினாலு நாள்னு போட்டிருக்கேன். யாரும் படிப்பாங்களான்னு தெரியலை."

அடுத்த பருவத்துக்கும் எங்கள் வீடுதானாம், இது தொடர்ந்து எடுக்கும் கணக்கு. புதுப் படிவத்தை எடுத்தாள். குடும்பத்தில் வயல் வேலை செய்கிறவர்கள் என்ற இடத்தில் ஆண் ஒன்று என்று எழுதினாள். பெண் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன்.

மார்ச் 24

உளுந்து பறிக்கிறோம். கூலிப் பெண்கள் நான்கு பேர்.

மார்ச் 27

வீட்டில் எடுத்துவைத்த விதை நெல்லைக் காயப்போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். ஏற்கெனவே தாமதம். மூன்று மூட்டையையும் வாசலில் விரித்தேன். பலகையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உளுந்துக் கூலிக்கு வந்த அமிர்தவல்லி கூடையை இறக்கிவிட்டு, "பலகையில தள்ளுனா அடி நெல்லு காயாதுண்ணே. விதை முளைக்காது. காலால கிண்டுங்க" என்றாள். தானே இறங்க வந்தாள். வேண்டாம் என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாதத்தைத் தூக்காமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனேன். நெல் சுட்டது. விரலிடுக்கில் சுணை ஏறியது. நாலைந்து தடவை போய்வந்த பிறகு நின்று திரும்பிப் பார்த்தேன். கோடு ஓரளவு நேராகத்தான் விழுந்திருந்தது. ஆனால் நிலையத்தில் அவள் கால் போட்டதைவிட ஒல்லியாக இருந்தது.